அம்முவின் முதல் வளையல்

வளைகாப்புக்கு எல்லாம் ஆயத்தமான பிறகும் தலைமைச் செவிலி ஃப்ளோரா வார்டை விட்டு வெளியே வரவில்லை. விரித்த படுக்கைகளின் ஓரங்களை இழுத்துச் சரிபார்த்தாள். சரிபார்த்த படுக்கைகளை மறுபடியும் சரிபார்த்தாள். மருந்து அலமாரியில் குப்பிகள் எல்லாம் முகம் காட்டி நிற்கின்றனவா என்று பார்த்தாள், நின்றன. அவள் பொறுப்பில் இருக்கும் இடத்தில் ஒரு குப்பி திரும்பி நின்றதாக எவரும் கண்டதில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் தெருவில் இருந்தது அந்தச் சிறிய மகப்பேறு மருத்துவமனை. எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் அணிவகுக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதன் சன்னல் கண்ணாடிகள் பகலெல்லாம் அதிர்ந்துகொண்டே இருந்தன. அங்கே ஆயாவாகப் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்துவந்தாள் அம்மு. வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வருபவள். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, இரண்டு கருக்கள் கலைந்த பிறகு, இப்போதுதான் ஒன்று நிலைத்து ஒன்பதாம் மாதத்தை எட்டியிருந்தது. ஆகையால் அவளுடைய வளைகாப்பை மருத்துவமனையே எடுத்துச் செய்தது. பிரசவ அறைக்குப் பக்கத்திலிருந்த ஊழியர் சாப்பாட்டு அறையில் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று ஆளுக்கொரு தூக்கில் கொண்டுவந்திருந்தார்கள். இருதயம்மாள் என்ற சமையற்காரி சர்க்கரைப் பொங்கலே செய்துவிட்டாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு அம்முவே வார்டு வாசலுக்கு வந்து நின்றாள். பச்சைப் பட்டுப்புடவை, நெற்றி நிறையப் பொட்டு, கழுத்தில் மாலை.

"சிஸ்டரம்மா, இன்னா பண்ணிகினு கீற? அல்லாரும் துன்னாம குந்திகினு கீறாங்க."

"நோயாளிகள் தூங்கும் நேரம், அம்மு. குரலைத் தாழ்த்திப் பேசு."

"தாழ்த்தியே சொல்றேன். வா."

ஃப்ளோராவை ‘நீ’ என்று அழைக்கும் உரிமை அந்தக் கட்டடத்தில் அம்மு ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை யாரும் கொடுக்கவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். முதல் ஆண்டு முழுவதும் ‘நீங்கள் என்று சொல்’ என்று திருத்திப் பார்த்த ஃப்ளோரா, இரண்டாம் ஆண்டில் ஓய்ந்துபோனாள். அதன்பின் வேறு யாராவது அம்முவைத் திருத்தினால் அது அவளுக்குப் பிடிக்காமற்போயிற்று.

"பிள்ளை பெற்றவர்கள்தாம் முதல் வளையலைப் போட வேண்டும்," என்றாள் ஃப்ளோரா. "உன் நாத்தனார் இருக்கிறாள். எல்சி இருக்கிறாள். எனக்குத் திருமணமே ஆகவில்லை. என்னை எதற்காக இழுக்கிறாய்?"

"நீ பெத்தது இல்லதான். எடுத்தது எத்தினி? இந்த திருவொத்தியூர்ல பாதி நீ எடுத்ததுதான. மொதோ வளையலு நீ போடு. இல்லாங்காட்டி நான் இப்புடியே நிப்பேன், தாவு தீந்து நீயே வருவ."

"போய் உட்கார். துணி அறையைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

துணி அறையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் அவளுடைய தங்கைகளின் வளைகாப்புகளில் ஃப்ளோரா எப்போதும் அடுக்களையில்தான் இருந்தாள். ‘நீ அங்கே பார்த்துக்கொள்’ என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அன்பாகச் சொல்லப்பட்டதால் மறுத்துப் பேச இயலவில்லை. இப்போது, ஐம்பது வயதில், மடித்த போர்வைகளுக்கு நடுவே நின்றுகொண்டு, யாராவது வேறொருத்தி அந்த முதல் வளையலைப் போட்டுவிட்டால் தேவலையே என்று காத்திருந்தாள்.

அம்முவும் காத்திருந்தாள். வளையல் ஏறும்வரை சோறு தொடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதத்துக்குப் பெயர் போனவள்.

அம்முவின் இதயம் நல்ல நிலையில் இல்லை. சிறு வயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் கண்டதன் எச்சமாக ஒரு வால்வு சுருங்கியிருந்தது. பிரசவம் முடிந்ததும் அதை விரித்துவிடலாம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதுவரை இதயம் தறிகெட்டு ஓடாமலிருக்க, உணவுக்குப் பிறகு சாப்பிடும்படி மாத்திரை கொடுத்திருந்தார்கள். கனமான வேலை எதையும் அவளிடம் ஃப்ளோரா விடுவதில்லை. நாற்காலியில் உட்கார்த்திப் பஞ்சு உருட்ட வைத்தாள். ‘நான் இன்னா கலெக்டரா, குந்த வெச்சி வேல வாங்கற?’ என்று அம்மு முணுமுணுப்பாள். அதையெல்லாம் கவனித்தவள் இந்த ஒன்றைக் கவனிக்கவில்லை.

இறுதியில் மருத்துவர் சங்கமித்ராவே துணி அறைக்கு வந்துவிட்டாள். வியாசர்பாடியை அடுத்த புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். அம்முவுக்கு ‘எங்க ஏரியா டாக்டரு’.

"சிஸ்டர், நீங்க வரலைன்னா அவ நாளைக்குக் காலைல வரைக்கும் உட்கார்ந்திருப்பா. எனக்கும் பசிக்குது. வாங்க."

இனிமேல் மறைந்து நிற்பது முறையன்று. ஃப்ளோரா கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். தட்டிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடி வளையலை எடுத்து, அம்முவின் விரல்களைக் குவித்து, முட்டியில் அழுந்தாமல் மெல்ல ஏற்றினாள். எத்தனையோ பெண்களுக்கு ஊசி போட்ட கை அப்போது நடுங்கிற்று.

"பார்றா, சிஸ்டரம்மாக்குக் கை ஒதறுது!" என்று கத்தினாள் அம்மு. "போட்டோ புடி, பஷீர் பாய்!"

அறுவை அரங்கின் உதவியாளரான பஷீர் வாசலில் நின்றபடியே சிரித்தார். "நான் இன்னா ஸ்டூடியோவா வெச்சிகினு கீறேன்? மனசுலயே புடிச்சிட்டேன், போ."

எல்லோரும் வளையல் அடுக்கினார்கள், சந்தனம் பூசினார்கள். இலைத்தட்டுகளில் சோறு பரிமாறத் தொடங்கியபோது அம்மு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு மாதிரி கிர்ருனு கீது, அண்ணி."

"வெறும் வயிறு, அதான். செத்த படு," என்றாள் நாத்தனார். பெண்கள் சேர்ந்து அவளைப் பாயில் மல்லாத்திப் படுக்கவைத்தார்கள். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். அன்பில் செய்ததுதான். ஆனால், நிறைமாத வயிறு மல்லாந்த உடம்பில் நேராக முதுகெலும்பின்மேல் இறங்கி, இதயத்துக்கு இரத்தம் திரும்பும் பெரிய குழாயை அழுத்தும். நல்ல இதயமே அப்போது திணறும்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஃப்ளோரா திரும்பிப் பார்த்தாள். "மல்லாத்திப் போடாதீர்கள்! இடப்பக்கம் ஒருக்களித்து..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. அம்முவின் கண்கள் மேலே செருகின. ஒரு முறை மூச்சைச் சிறு குழந்தை விக்குவதுபோல இழுத்தாள். பிறகு அதுவும் இல்லை.

சங்கமித்ராவின் கையிலிருந்த இலைத்தட்டு தரையில் விழுந்தது. அவள் மண்டியிட்டுக் கழுத்தில் விரல் வைத்தாள். "நாடி இல்லை. பஷீர், மேலேயிருந்து ஷாக் மெஷின்! ஓடுங்க!" சொல்லிக்கொண்டே இரு கைகளையும் கோத்து நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கத் தொடங்கினாள்.

"தியேட்டருக்குத் தூக்குங்கள்," என்றாள் ஃப்ளோரா. அது அவளுடைய முப்பது ஆண்டுப் பழக்கம் பேசிய பேச்சு. நாலு பேர் குனிந்து புடவையைப் பிடித்தார்கள்.

"தொடாதீங்க!" சங்கமித்ரா நிமிரவில்லை. "மாடி ஏறி முடிக்கறதுக்குள்ள போயிடுவா. தூக்கினா அமுக்கறது நின்னுடும். எல்லாம் இங்கதான். சிஸ்டர், வயித்தை இடப்பக்கம் தள்ளிப் பிடிங்க. விடவே கூடாது."

ஃப்ளோரா அம்முவின் இடப்பக்கம் மண்டியிட்டாள். இரு கைகளையும் வயிற்றின்மேல் குறுக்கே நீட்டி, அப்பக்கத்திலிருந்து அந்தப் பாரம் முழுவதையும் தன்னை நோக்கி இழுத்துப் பிடித்தாள். மேலே விழுந்து அழ முயன்ற நாத்தனாரைச் சமையற்காரி இழுத்து வெளியே கொண்டுபோனாள். செவிலி எல்சி தலைமாட்டில் உட்கார்ந்து காற்றுப் பையால் மூச்சு கொடுத்தாள். நெஞ்சு அமுங்கும் ஒவ்வொரு முறையும் வளையல்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. அந்த ஓசை ஃப்ளோராவுக்குத் தாங்கவில்லை. அப்போது அவளுடைய உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஒன்று அசைந்தது. முழங்காலோ, குதிகாலோ. மெலிந்த உதை.

"டாக்டர், பிள்ளை இருக்கிறது."

"தெரியும். பிடிங்க."

இன்னொரு செவிலி ஊசியோடு வந்து, முன்கை நெடுக நிறைந்திருந்த வளையல்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள். உடைப்பதா, கழற்றுவதா? நிறைமாதக்காரியின் வளையலை உடைக்க எந்தப் பெண்ணுக்கும் கை வராது.

"அதைத் தொடாதே. முழங்கை மடிப்பில் போடு," என்றாள் ஃப்ளோரா.

பஷீர் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க வந்தார். திரையில் கோடு ஒழுங்கின்றி நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரையும் கையெடுக்கச் சொல்லி, மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அம்முவின் தோள்கள் தூக்கிப் போட்டன. பஷீர் உடனே அமுக்குவதைத் தொடர்ந்தார். ஃப்ளோரா மறுபடி வயிற்றைப் பிடித்தாள். திரையில் அதே நடுக்கம்.

சங்கமித்ரா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் வியர்வையோடு சந்தனம் வழிந்தது. "பிள்ளையை எடுத்துடணும். எடுத்தாத்தான் இவ இதயத்துக்கு ரத்தம் போகும். இன்னும் கொஞ்சம் நேரம் போனா ரெண்டு பேரும் இல்ல. எல்சி, லேபர் ரூம்லேருந்து டிரேயைக் கொண்டு வா. பிளேடு போதும்."

எல்சி எழுந்தாள், காற்றுப் பையை அடுத்தவளிடம் கொடுத்தாள், ஆனால் போகவில்லை. அவள் ஃப்ளோராவைப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. மருத்துவர் சொன்னாலும் சரி, ஃப்ளோராவின் தலையசைப்பு இல்லாமல் அந்தத் தளத்தில் கிருமி நீக்கிய தட்டு ஒன்றும் அறை மாறாது. சென்ற ஆண்டு ஒரு தட்டை வராந்தாவில் வைத்துப் பிரித்ததற்காக எல்சி ஒரு வாரம் அழுதாள். இப்போதோ தரையில் புளிச்சோறு சிதறிக் கிடந்தது. மிதிபட்ட மாலை, குங்குமம், கவிழ்ந்த தயிர்த்தூக்கு. இந்த இடத்தில் கத்தியா? கையில் உறைகூடச் சரியாக மாட்டாமல்? ஃப்ளோராவின் உள்ளே வாழ்நாள் முழுவதும் கட்டி எழுப்பிய ஏதோ ஒன்று ‘கூடாது’ என்று கூவிற்று. அவள் கைகளுக்கு அடியில் அந்தக் குதிகால் இம்முறை அசையவில்லை.

"ஏட்டி எல்சி!" ஃப்ளோரா கத்தினாள். வார்டில் அவள் ஒருநாளும் பேசியிராத தூத்துக்குடிப் பேச்சு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "என் மூஞ்சிய என்னட்டி பாத்துட்டு நிக்க? ஓடு! ஓடுட்டி!"

எல்சி ஓடினாள்.

தட்டு வந்தது. ஃப்ளோரா ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடியே, பட்டுப்புடவையைப் பற்களால் கடித்து விலக்கி, மறு கையால் கிருமிநாசினிக் குப்பியைக் கவிழ்த்து வயிற்றின்மேல் ஊற்றினாள். அளவெல்லாம் பார்க்கவில்லை. பஷீர் நெஞ்சை அமுக்குவதை நிறுத்தவே இல்லை. "யா அல்லா, யா அல்லா" என்று அதற்கே தாளம் போட்டுக்கொண்டார். சங்கமித்ரா மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் கீறினாள்.

இரத்தம் வரவில்லை. அதுதான் ஃப்ளோராவை மிகவும் அச்சுறுத்தியது. எத்தனை அறுவைகளுக்கு அருகில் நின்றிருக்கிறாள்! உயிருள்ள உடம்பைக் கீறினால் சிவப்பு பொங்கும். இங்கே வெறும் சதை விரிந்தது.

"எட்டி அம்மு, என்னயப் பாருட்டி," என்று அவள் தன்னையறியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தா வந்துட்டுட்டி. உன் பிள்ள வந்துட்டுட்டி."

பிள்ளை வந்தது. பெண். துவண்டு, நீலம் பாய்ந்து, ஓசையின்றி வந்தது. தொப்புள்கொடியை வெட்டிப் பிள்ளையை எல்சியின் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் துடைத்து, தேய்த்து, சிறிய பையால் மூச்சு ஊதினாள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஃப்ளோராவுக்கு மனம் துடித்தது. திரும்பவில்லை.

"மறுபடி ஷாக்," என்றாள் சங்கமித்ரா.

அம்முவின் உடம்பு மீண்டும் தூக்கிப் போட்டது. பஷீர் அமுக்கினார். திரையில் கோடு முதலில் தட்டையாகக் கிடந்தது, பிறகு ஒரு மேடு, நீண்ட இடைவெளி, இன்னொரு மேடு. ஃப்ளோரா திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய பார்வை வயிற்றில் கீறிய இடத்தின்மேல் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்புத் துளி அரும்பிற்று. இன்னொன்று. பிறகு மெல்லக் கசிந்து ஒழுகத் தொடங்கியது.

"டாக்டர்! இரத்தம் வருகிறது!"

இரத்தம் வருவதைக் கண்டு மகிழ்ந்த செவிலி உலகில் வேறு எவளும் இருக்க முடியாது. சங்கமித்ரா கழுத்தில் விரல் வைத்தாள். வைத்த விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். "இருக்கு. இருக்கு சிஸ்டர். துணி குடுங்க, அமுக்குங்க, ரத்தம் போகுது. இப்ப தூக்கலாம். இப்ப தியேட்டர்."

அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து, நனைந்த தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சிணுங்கல் கேட்டது. தொடர்ந்து நல்ல கோபமான ஓர் அழுகை.

"வாய் அப்படியே அம்மாதான்," என்றார் பஷீர். கைகளை மடக்க முடியாமல் அப்படியே தரையில் சாய்ந்துகொண்டார்.

*

அம்முவின் கணவன் அறிவு கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுக வரிசையில் அசையாமல் நின்றிருந்த வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, பாதி தூரம் ஓடியும் பாதி தூரம் ஒரு மீன்வண்டியில் தொற்றியும் வந்து சேர்ந்தான். அப்போது, தையல் போட்டு முடித்த அம்முவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாயில் குழாய், கண் திறக்கவில்லை. அவன் அவளுடைய பாதத்தை ஒரு முறை பிடித்துப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான்.

அன்று மாலை நாத்தனார்தான் சொன்னாள். "காத்தாலேந்து பச்சத்தண்ணி கூட பல்லுல படல. மாத்திரைய துன்னுட்டுதான போடணும், சிஸ்டரம்மா மொதோ வளையலு போடட்டும், அப்பால துன்றேன், அப்பால போடறேன்னு குந்திகினு இருந்துச்சி."

ஃப்ளோரா நேரே சங்கமித்ராவிடம் போய் நின்றாள். "நான் துணி அறையில் நின்ற நேரமெல்லாம் அவள் மாத்திரையில்லாமல் இருந்திருக்கிறாள்."

சங்கமித்ரா பொய் சொல்லவில்லை. "ஒரு வேளை மாத்திரை விட்டதாலதான்னு சொல்ல முடியாது, சிஸ்டர். விட்டிருக்கவும் கூடாது. மல்லாத்திப் போட்டதும் சேர்ந்துகிச்சு." பிறகு, "அவ பிழைச்சுட்டா. ஆனா மூளைக்கு ரத்தம் போகாத நேரம் கொஞ்சம் இருக்கு. முழிச்சா யாரையெல்லாம் தெரியும், எப்படிப் பேசுவா... அது எனக்குத் தெரியல," என்றாள்.

அடுத்த சில நாட்கள் ஃப்ளோரா வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. குழந்தைக்கு வேளை தவறாமல் பால் புகட்டினாள்; இரவிலும் தானே பார்த்துக்கொண்டாள். வார்டில் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசு என்று சொல்வதற்கு ஆளே இல்லை. அப்படிச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே என்று அவளுக்கு இருந்தது.

குழாயை எடுத்துவிட்டார்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அறிவு தொலைபேசியில் சொன்னான். "கண்ணு தொறந்துகினு கீது, சிஸ்டரம்மா. ஆனா பேச மாட்டேங்குது. என்னியே பாத்துகினு கீது. நான் யாருன்னு தெர்தா இல்லியான்னு ஒண்ணும் புரியல. பேஜாரா கீது."

சங்கமித்ராவின் அனுமதியோடு, குழந்தையை இரண்டு துண்டுகளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள் ஃப்ளோரா. ராயபுரம் பாலத்தின் ஏற்றத்தில், "தம்பி, பள்ளம் பார்த்து ஓட்டு," என்று சொன்னவளின் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது.

அம்மு தலையணைகளில் பாதி சாய்ந்திருந்தாள். முகம் வற்றியிருந்தது. அறிவு கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். தூங்கிப் பல நாளான கண்கள். ஃப்ளோரா கிட்டப் போய்க் குழந்தையின் முகத்தைத் திறந்து காட்டினாள்.

"அம்மு. உன் மகள்."

அம்மு குழந்தையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு ஃப்ளோராவைப் பார்த்தாள், அதே பார்வை. அறிவு தலையைக் குனிந்துகொண்டான். ஃப்ளோரா குழந்தையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

அம்முவின் உதடுகள் அசைந்தன. குரல் உமியைத் தேய்ப்பதுபோல வந்தது.

"நெஞ்சு மேல... எவன் லாரி வுட்டான்?"

அறிவு துள்ளி எழுந்தான். "நான் இல்லம்மே! எண்ணூர் லைன்ல நின்னுகினு இருந்தேன், சத்தியமா!"

"பஷீர்," என்றாள் ஃப்ளோரா. "பஷீரும் டாக்டரும். உன் விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது."

"ரெண்டுதானா." அம்மு மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாய்க்கு பிரியாணி நானே ஆக்கிப் போடறேன்." கண்கள் மறுபடி குழந்தைமேல் இறங்கின. "இன்னா சிஸ்டரம்மா இது, புள்ளய இப்புடிக் கட்டி வெச்சிகீற? பார்சல் ஆபீசுக்கா போவுது?"

ஃப்ளோராவின் மூக்குக்கண்ணாடி மங்கிவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"அழுவாத. வார்டுல அல்லாரும் பாத்துகினு கீறாங்க. அப்பால ஒன்னிய கண்டு எவ பயப்படுவா?"

"நான் அழவில்லை."

"அப்ப இன்னா, மேல ஏசி ஒழுவுதா?"

அறிவு சிரித்தான். சிரிப்பு அடங்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது.

"குடு இங்க," என்றாள் அம்மு. கைகளைத் தூக்க முயன்றாள்; விலாவின் வலியில் அவை பாதியில் நின்றன.

"தூக்காதே. நான் வைக்கிறேன்." ஃப்ளோரா துண்டுகளைப் பிரித்தாள். குழந்தையை அம்முவின் கைமடிப்பில் கிடத்தி, நெஞ்சில் பாரம் படாதபடி அடியில் தன் கையை வைத்துத் தாங்கிக்கொண்டாள். குழந்தை முகத்தைத் திருப்பித் தேடிற்று. பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று அந்த வார்டுச் செவிலி வந்து சொன்னாள்.

"தெரியும்," என்றாள் ஃப்ளோரா. கையை எடுக்கவில்லை.